ரேசிசத்த குறைக்க முடியுமா? திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் பதிலும்

இந்த டாபிக்க எடுத்தாலே எனக்கு வர்ற கேள்விங்க ஒரு இருபதுக்குள்ளதான் இருக்கும், கேக்குற ஆளுங்கதான் மாறுவாங்க. பாதிப் பேர் உண்மையாவே புரியாம கேக்குறாங்க, மீதிப் பேர் மடக்கணும்னே கேக்குறாங்க, ரெண்டு பேருக்கும் பதில் ஒண்ணுதான். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கேன், திருத்தல. மேல இருந்து வரிசையா படிங்க, ஏன்னா மேல சொன்னத கீழ திரும்ப சொல்ல எனக்குப் பொறுமை இல்ல.

எல்லாத்துக்கும் ரேசிசம் ரேசிசம்ங்கறாங்க, அப்படின்னா என்னதான்? ஒருத்தர எனக்கு பிடிக்கலன்னா அதுவும் ரேசிசமா?

ஒருத்தர் கடன் வாங்கிட்டு ஏமாத்திட்டார், பொய் சொன்னார், அதனால பிடிக்கல, அது உங்க பாடு அவர் பாடு. அவர் இன்ன இனத்துல பொறந்தவர், இன்ன நிறம், அதனால இப்படித்தான் இருப்பார்னு ஆளப் பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு கட்டிட்டா அதுதான் ரேசிசம். தமிழ்ல இனவெறி, நிறவெறின்னு சொல்றோம், அந்த "வெறி"ங்கற வார்த்தைல எனக்கு ஒரு சங்கடம் உண்டு. வெறின்னதும் கட்டையத் தூக்கிட்டு கத்திக்கிட்டு வர்ற ஆளுதான் கண்ணுல நிக்கிறான். சிரிச்ச முகமா, மரியாதையா, "சாரிங்க, வீட்டுக்கு ஏற்கனவே ஆள் வந்துட்டாங்க"ன்னு பொய் சொல்லி அனுப்புறவர் அந்த வார்த்தைக்குள்ள மாட்டாம தப்பிச்சிடறார்.

நான் இத மூணு அடுக்கா பிரிச்சுப்பேன். மனசுக்குள்ள இருக்குற முன்முடிவு ஒண்ணு. அத வெச்சு செய்யுற செயல், அதாவது வேலை தராதது, வீடு தராதது, அடிக்கறது, இது ரெண்டாவது. மூணாவதுதான் நெறைய பேருக்குத் தட்டுப்படாதது, அது ஏற்பாடு. 1930கள்ல அமெரிக்கால நகர வரைபடத்துல கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏரியாவ எல்லாம் சிவப்புல குறிச்சு வெச்சாங்க, அங்க வீட்டுக் கடன் குடுக்கறது ரிஸ்க்குன்னு. 1968ல சட்டம் போட்டு வீட்டு விஷயத்துல பாகுபாடு கூடாதுன்னுட்டாங்க. ஆனா தாத்தா வாங்க முடியாத வீடு பேரனுக்கு எப்படி வரும்? இன்னைக்கு அந்த பேங்க்ல உக்காந்திருக்கறவர் தங்கமான மனுஷனா இருக்கலாம், "சொத்து இருந்தா கடன்"னு எல்லாருக்கும் ஒரே ரூல்தான் வெச்சிருக்கலாம், இருந்தும் பழைய கோடு வேலை செஞ்சிக்கிட்டேதான் இருக்கும். இந்த மூணையும் ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ அடிக்கடி வரும்.

நிறம் மட்டும்தானா, சாதி மாதிரி விஷயமெல்லாம் இதுல சேராதா?

1965ல ஐநா கொண்டுவந்த இனப்பாகுபாட்டு ஒழிப்பு ஒப்பந்தத்துல இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பூர்வீகம்னு எல்லாத்தையும் சேர்த்துதான் எழுதியிருக்காங்க. அந்த "வம்சாவளி"ல சாதியும் அடங்கும்னு ஒப்பந்தத்த கண்காணிக்கற கமிட்டி 2002ல தெளிவா சொல்லிடுச்சு. சாதி வேற இனம் வேறன்னு இந்திய அரசு வாதாடிக்கிட்டு இருக்கு. பேர் என்ன வேணா வெச்சுக்கட்டும், பொறப்ப வெச்சு ஆள அளக்கறதுங்கற வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான்.

இனம்னு ஒண்ணு அறிவியல்படி இல்லன்னு சொல்றீங்க, கண்ணால பாக்குறோமே ப்ரோ, கருப்பு வெள்ள தெரியலயா?

நிறம் தெரியுது, யாரு இல்லன்னா? வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் எங்க ஜாஸ்தியோ அங்க பல ஆயிரம் வருஷமா வாழ்ந்தவங்களுக்கு தோலுக்குக் கலர் குடுக்குற மெலனின் கூட, எங்க கம்மியோ அங்க கொறைவு, அவ்வளவுதான் கதை. தோல் கலர வெச்சு அறிவு, நாணயம், குணத்த எல்லாம் கணக்கு போடறதுதான் பிரச்சனை. ரிச்சர்ட் லெவொன்டின்னு ஒரு மரபியல் விஞ்ஞானி 1972லயே கணக்கு போட்டுப் பாத்தார், மனுஷங்களுக்குள்ள இருக்குற மரபணு வேறுபாட்டுல சுமார் 85% ஒரே கூட்டத்துக்குள்ளயே இருக்கு, இனம்னு நாம சொல்ற பிரிவுகளுக்கு நடுவுல இருக்கறது ரொம்பக் கொஞ்சம். பூர்வீகத்த மரபணுல கண்டுபிடிக்கவே முடியாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, முடியும். ஆனா "இங்க கோடு, அந்தப் பக்கம் அவங்க இந்தப் பக்கம் நாம"ன்னு இயற்கை எங்கயும் கோடு போட்டு வைக்கல.

கோட்ட யார் போட்டாங்கன்னு தெரியணும்னா கோர்ட்டுக்குப் போகணும். அமெரிக்கால குடியுரிமை வேணும்னா "வெள்ளையரா" இருக்கணும்னு ஒரு காலத்துல ரூல் (கறுப்பினத்தவங்களுக்கு தனியா ஒரு வழி இருந்துச்சு). 1922ல தகாவோ ஒசாவாங்கற ஜப்பானியர் என் தோல் வெள்ளையாத்தானே இருக்குன்னு கேஸ் போட்டார், சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, தோல் நிறம் கணக்கில்ல, நீ காக்கேசிய இனம் (வெள்ளைக்காரங்க அடங்குன கூட்டத்துக்கு அந்தக் கால அறிவியல் வெச்ச பேர்) இல்ல, போ. அடுத்த வருஷமே 1923ல பகத் சிங் திந்த்னு ஒரு பஞ்சாபி சீக்கியர், அப்போ அறிவியல்படி நான் காக்கேசியன்தானேன்னு போனார். அதே கோர்ட், அறிவியல்லாம் கணக்கில்ல, சாதாரண மனுஷன் உன்ன வெள்ளையன்னு சொல்ல மாட்டான், போ. ஒரே வருஷத்துல ரெண்டு நேரெதிர் காரணம், ரிசல்ட் மட்டும் ஒண்ணு. எனக்கு இத முதல்ல படிச்சப்போ சிரிப்புதான் வந்துச்சு, அப்புறம் வரல.

தென்னாப்பிரிக்கால 1950ல எல்லாரையும் இனவாரியா பதியணும்னு சட்டம் போட்டாங்க. யார் எந்த இனம்னு சந்தேகம் வந்தா தலைமுடில பென்சில சொருகி, அது கீழ விழுதா நிக்கிதான்னு பாத்து முடிவு பண்ணின கதையெல்லாம் உண்டு. கூடப் பொறந்தவங்களே வேற வேற இனமா பதிவாகியிருக்காங்க.

அப்போ இனமே கற்பனைன்னா ரேசிசமும் கற்பனைதானே? பேசாம விட்டா தானா போயிடாதா? பேசிப் பேசித்தான் பெருசாக்குறீங்க

பண நோட்டும் வெறும் காகிதம்தான், அதுக்காக உங்க பர்ஸ ரோட்டுல வெச்சுட்டுப் போவீங்களா? எல்லாரும் சேர்ந்து நம்பினா கற்பனைக்கும் நெஜமான விளைவு உண்டு.

பேசாம விடறதுல இன்னொரு சிக்கல். வலி இருக்கறவன் பேசினாதான் "பெருசாக்குறான்"னு தோணும், வலி இல்லாதவனுக்கு அமைதி வசதியா இருக்கும். தவிர, அளக்காத விஷயத்த குறைக்க முடியாது. எந்த ஏரியால எத்தன பேருக்கு கடன் மறுக்கப்படுது, ஒரே தப்புக்கு யாருக்கு எத்தன வருஷம் ஜெயில், இதெல்லாம் எண்ணிப் பாத்தாதான் தெரியும். நான் நிறமே பாக்குறதில்லைன்னு ஒருத்தர் சொன்னா நல்ல எண்ணத்துலதான் சொல்றார்னு எடுத்துக்கறேன், ஆனா மூணாவது அடுக்கும் அவர் கண்ணுக்குத் தெரியாதுன்னும் புரிஞ்சுக்கறேன்.

இது மனுஷ இயல்பு, கைக்குழந்தைக்கே தெரிஞ்ச முகம் தெரியாத முகம் வித்தியாசம் இருக்கு, இத எப்படி ஒழிப்பீங்க?

நல்ல கேள்வி, பாதி சரியும் கூட. 2005ல வந்த ஒரு ஆய்வுல, பொறந்த குழந்தைங்க எந்த இன முகத்தக் காட்டினாலும் ஒரே மாதிரிதான் பாத்துச்சுங்க, 3 மாசக் குழந்தைங்க தன் இன முகத்தையே அதிக நேரம் பாத்துச்சுங்க. ஆஹா பாத்தீங்களான்னு அவசரப்படாதீங்க. அடுத்த வருஷம் இன்னொரு ஆய்வு, இஸ்ரேல்ல ரெண்டு இன முகத்தையும் தினம் பாத்து வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைங்ககிட்ட இந்த வித்தியாசமே இல்ல. ஆக குழந்தை பழகின முகத்தப் பாக்குது, இனத்த இல்ல.

குழு பிரிக்கற புத்தி நமக்குள்ள இருக்கு, அத நான் மறுக்கல. 1970 வாக்குல ஹென்றி தாஜ்ஃபெல்ங்கற உளவியல் ஆய்வாளர் பிரிட்டன்ல ஸ்கூல் பசங்கள ரெண்டு ஓவியர்ல யார் படம் பிடிக்குதுன்னு கேட்டு குழுவா பிரிச்ச மாதிரி காட்டினார், உண்மைல குலுக்கல்தான். பசங்களுக்கு தன் குழுல யார் இருக்காங்கன்னு கூடத் தெரியாது. ஆனாலும் காசு பங்கு பிரிக்கச் சொன்னா தன் குழுவுக்கு ஜாஸ்தி. அதுல கூத்து என்னன்னா, தன் குழுவுக்கு வர்றது கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல, அடுத்த குழுவுக்கும் நமக்கும் வித்தியாசம் பெருசா இருக்கணும்னு நிறைய பேர் பிரிச்சிருக்காங்க!

இதுல இருந்து எனக்கு வர்றது அவநம்பிக்கை இல்ல, நம்பிக்கைதான். கோடு போடற பழக்கம் கூடவே பொறந்தது, ஆனா எந்த எடத்துல கோடுங்கறத யாரோ சொல்லிக் குடுக்குறாங்க. ஒரு ஓவியரக் காட்டி கோட்ட அரை மணி நேரத்துல புதுசா போட முடியும்னா, பழைய கோட்ட நகர்த்தவும் முடியும்.

உண்மையா சொல்லுங்க, கொஞ்சமாச்சும் குறைஞ்சிருக்கா? தினம் நியூஸ் பாத்தா அப்படித் தெரியலயே

வாயால சொல்றதுல பயங்கரமா மாறியிருக்கு. அமெரிக்கால கறுப்பு வெள்ளை கல்யாணத்த ஏத்துக்கறீங்களான்னு காலப் (Gallup) நிறுவனத்தோட கருத்துக்கணிப்புல 1958ல கேட்டப்போ ஆமான்னது 4%, 2021ல 94%. கருத்துக்கணிப்புகள்ல இவ்வளவு பெரிய மாற்றம் அபூர்வம்.

செயல்ல அந்த அளவு இல்ல. 2004ல வந்த பிரபலமான ஆய்வு ஒண்ணு, பாஸ்டன், சிகாகோல வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 பொய் ரெஸ்யூமே அனுப்பினாங்க, படிப்பு அனுபவமெல்லாம் ஒரே மாதிரி, பேர் மட்டும் வேற. எமிலி, கிரெக்னு வெள்ளைக்காரப் பேருக்கு, லக்கிஷா, ஜமால்ங்கற கறுப்பினப் பேர விட 50% அதிகமா கால் வந்துச்சு. இந்த மாதிரி ஆய்வுங்கள எல்லாம் 1989ல இருந்து கூட்டிப் பாத்து 2017ல ஒரு பேப்பர் போட்டாங்க, வேலைக்கு எடுக்கறதுல கறுப்பினத்தவங்களுக்கு எதிரான பாகுபாடு 25 வருஷத்துல குறைஞ்சதா தெரியலன்னு முடிச்சிருந்தாங்க. ஆக கல்யாணத்துக்கு சரின்னவங்க ரெஸ்யூமேக்கு சரிங்கல. முதல் அடுக்கு மாறினா ரெண்டாவது தானா மாறிடும்னு நம்பி உக்காந்திருக்கறது வீண்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சட்டம் போட்டு மனச மாத்த முடியுமா அண்ணா? மனசு மாறணும் முதல்ல

எல்லாரும் இந்த வரிசைலதான் யோசிக்கிறாங்க, முதல்ல மனசு, அப்புறம் பழக்கம், கடைசில சட்டம். நடந்தத பாத்தா பெரும்பாலும் தலைகீழ். மேல சொன்ன அதே கல்யாண விஷயம், அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கலப்புத் திருமணத் தடைய 1967ல தூக்குச்சு, அப்போ 16 மாநிலத்துல அந்தத் தடை இருந்துச்சு. அடுத்த வருஷம் காலப் கேட்டப்போ ஏத்துக்கிட்டது 20% பேர்தான். பாதிக்கு மேல போனது 1990கள்லதான். மனசு மாறட்டும்னு கோர்ட் காத்திருந்தா ஒரு முழு தலைமுறை கல்யாணம் பண்ணாமலே கெழவங்களாகியிருக்கும். அமெரிக்க ராணுவத்துல கறுப்பு வெள்ளை பிரிவினைய ஒழிக்கச் சொல்லி ஜனாதிபதி ட்ரூமன் 1948ல உத்தரவு போட்டப்பவும் ஜெனரல்களே முணுமுணுத்தாங்க, கொரியா போர்ல ஒரே பங்கர்ல இருந்தப்புறம்தான் சத்தம் அடங்குச்சு.

சட்டம் மனசத் தொடாம இருக்கலாம், கையக் கட்டும். கை கட்டப்பட்ட நிலைமைல பத்து இருபது வருஷம் வாழ்ந்தா அதுதான் சாதாரணம்னு ஆயிடுது, அந்த சாதாரணத்துல வளர்ற பசங்களுக்கு பழசு வினோதமா தெரியுது. ஆனா சட்டம் பேப்பர்ல மட்டும் இருந்தா இது எதுவும் நடக்காது. புகார் குடுக்கறது ஈஸியா இருக்கணும், குடுத்தவர் வேலை போகக்கூடாது, தப்பு பண்ணினவருக்கு பாக்கெட்ல அடி விழணும்.

எங்க கம்பெனில ரெண்டு மணி நேர ட்ரெயினிங் எடுத்து சர்டிஃபிகேட்டும் குடுத்தாங்க, அது போதாதா?

சர்டிஃபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டிக்கங்க. நம்மள அறியாம இருக்குற சாய்வ அளக்கறதுக்கு 1998ல ஒரு கம்ப்யூட்டர் டெஸ்ட் வந்துச்சு, வார்த்தையையும் முகத்தையும் எவ்வளவு வேகமா ஜோடி சேக்குறோம்னு பாக்கும். அந்த சாய்வ குறைக்க உடனே பலன் தர்றதா தெரிஞ்ச 9 வழிய எடுத்து 2016ல திரும்ப சோதிச்சாங்க, 6,000 பேருக்கு மேல. அன்னைக்கு ஒன்பதும் வேலை செஞ்சுச்சு, சில மணி நேரத்துல இருந்து சில நாளுக்குள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல. கட்டாயப்படுத்தி உக்கார வெச்சா "என்ன என்னமோ குற்றவாளி மாதிரி பேசுறாங்க"ன்னு கடுப்பு வேற ஏறுது.

ட்ரெயினிங்குக்கு செலவு பண்றத இன்டர்வியூ முறைய மாத்த செலவு பண்ணலாம். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் அப்பவே மார்க், யாரையும் பத்தி பேசிக்கறதுக்கு முன்னாடி மார்க்க எழுதிடணும். "ஆளு நம்ம டீமுக்கு செட் ஆவாரா"ங்கற ஒரு வரில எல்லா அழுக்கும் ஒளிஞ்சிருக்கும், அந்த வரிய எடுத்துடுங்க. அப்புறம் வருஷா வருஷம் யார் வந்தா யார் போனா யாருக்கு ப்ரமோஷன்னு நம்பர வெளிய வைங்க. ஒருத்தர் கேள்வி கேக்கப் போறார்னு தெரிஞ்சாலே கை கொஞ்சம் நிதானமா எழுதும்.

ரெஸ்யூமேல பேர மறைச்சிட்டா சிம்பிளா முடிஞ்சுதே?

நானும் அப்படித்தான் நெனச்சேன். பிரான்ஸ்ல 2010, 2011ல இத செஞ்சே பாத்தாங்க. பேர மறைச்சப்போ வெளிநாட்டுப் பூர்வீகம் உள்ளவங்களுக்கு இன்டர்வியூ வாய்ப்பு குறைஞ்சிடுச்சு! ரெண்டு காரணம் சொன்னாங்க. விருப்பப்பட்டு இந்த முயற்சில சேர்ந்த கம்பெனிங்க ஏற்கனவே கொஞ்சம் நியாயமானவங்க. இன்னொண்ணு, நடுவுல வேலை இல்லாம இருந்த காலத்தப் பாத்தா "பாவம் இவருக்கு கெடச்சிருக்காது"ன்னு விட்டுக் குடுத்தவங்க, பேர் தெரியாததால அத குறையா எடுத்துட்டாங்க. அதுக்காக பேர மறைக்கறது எங்கயுமே தப்புன்னு இல்ல, பாகுபாடு அதிகமா இருக்குற இடத்துல உதவலாம். மூணாவது அடுக்குல பல வருஷமா சேர்ந்தத முதல் பக்கத்துல ஒரு பேர அழிச்சு சரி பண்ண முடியாது, அதான் விஷயம்.

ஒண்ணா பழகினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

பழகற விதத்தப் பொறுத்து. தென்னாப்பிரிக்கால வெள்ளைக்காரக் குழந்தைங்கள தூக்கி வளர்த்தது கறுப்பின ஆயாக்கள்தான், இதுக்கு மேல நெருக்கம் எங்க இருக்கு? அந்தக் குழந்தைங்கதான் வளர்ந்து கறுப்பினத்தவங்கள ஒதுக்கி வெச்ச நிறவெறி ஆட்சிக்கு ஓட்டும் போட்டாங்க. ஒருத்தர் உத்தரவு போட இன்னொருத்தர் குனிஞ்சு நிக்கிற பழக்கம் எவ்வளவு வருஷம் இருந்தாலும் அது உத்தரவு பழகறதுதான்.

கார்டன் ஆல்போர்ட்ங்கற உளவியல் அறிஞர் 1954லயே இத எழுதி வெச்சிட்டார். ரெண்டு பேருக்கும் சம அந்தஸ்து, ஒரே குறிக்கோள், ஒருத்தர் உதவி இல்லாம இன்னொருத்தரால முடிக்க முடியாத வேலை, மேல இருக்குறவங்க ஆதரவு, இந்த நாலும் இருந்தா பழக்கம் நல்லா வேலை செய்யும்னார். 2006ல 515 ஆய்வுங்கள சேர்த்துப் பாத்ததுலயும் பழக்கம் பொதுவா முன்முடிவ குறைக்குது, இந்த நாலும் இருந்தா இன்னும் நல்லா குறைக்குதுன்னு வந்துச்சு. 1971ல டெக்சாஸ்ல இனவாரியா பிரிஞ்சிருந்த ஸ்கூல்கள ஒண்ணா சேர்த்தப்போ பசங்க அடிச்சுக்கிட்டாங்க, எலியட் அரான்சன்ங்கற உளவியல் ஆய்வாளர் என்ன பண்ணார்னா பாடத்த துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு பையனுக்கும் ஒரு துண்டு குடுத்தார். பரீட்சைல பாஸாகணும்னா மத்தவன் துண்டக் காது குடுத்துக் கேட்டே ஆகணும். தத்துவம் எதுவும் பேசல, உக்காந்து படிக்கற முறைய மாத்தினார், அவ்வளவுதான்.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு, மறைக்க விரும்பல. ஈராக்ல ஐஎஸ் பயங்கரவாதிகளோட அட்டூழியத்துக்கு அப்புறம் கிறிஸ்தவ ஃபுட்பால் டீம்கள்ல முஸ்லிம் ப்ளேயர்கள சேர்த்து லீக் நடத்தி 2020ல ரிசல்ட் வெளியிட்டாங்க (இது மதம், இனம் இல்ல, ஆனா கோடு கோடுதான்). கலந்து ஆடினவங்க அடுத்த சீசனும் சேர்ந்து ஆடத் தயார், மாசக்கணக்குல சேர்ந்து ப்ராக்டிஸும் பண்ணாங்க. ஆனா கிரவுண்டுக்கு வெளிய, முன்னப்பின்ன தெரியாத முஸ்லிம்கள்கிட்ட நடந்துக்கறதுல பெரிய மாற்றம் இல்ல. கூட ஆடினவன் "நம்மாளு" ஆயிட்டான், அவன் கூட்டம் இன்னும் ஆகல.

எனக்கு அந்த ஆளுங்கள்ல நெறைய ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, நான் எப்படி ரேசிஸ்ட் ஆவேன்?

மேல கிரவுண்ட் கதைய இன்னொரு தடவ படிங்க. ஃப்ரெண்ட "நீ அவங்கள மாதிரி இல்லடா"ன்னு என்னைக்காவது பாராட்டியிருக்கீங்களா? அந்தப் பாராட்டுலயே பதில் இருக்கு.

ஜோக் தானே, இதுக்குப் போய் இவ்வளவு சீரியஸா?

ஒரு ஜோக் நல்லவன கெட்டவனா மாத்தாது, ஒத்துக்கறேன். ஆனா அந்த ரூம்ல ஏற்கனவே வெறுப்போட ஒருத்தன் உக்காந்திருக்கான்னு வைங்க, எல்லாரும் சிரிக்கறதப் பாத்து "ஓ, இங்க எல்லாரும் நம்மள மாதிரிதான்"னு தைரியம் வருது. மனுஷன் தன் மனசக் கேட்டு நடக்கறத விட பக்கத்துல இருக்குறவன் முகத்தப் பாத்து நடக்கறதுதான் அதிகம். சிரிக்காம இருங்க போதும், லெக்சர் வேணாம். "புரியல, இதுல என்ன ஜோக்?"னு அப்பாவியா கேட்டுப் பாருங்க, சொன்னவர் விளக்க ஆரம்பிச்சு பாதில அவரே நிறுத்திடுவார்.

சொந்தக்காரர் ஒருத்தர் எப்பவும் அசிங்கமா பேசுறார், வயசுல பெரியவர், சண்ட போடவா சும்மா இருக்கவா?

ரெண்டும் வேணாம். 2016ல மியாமில ஒரு ஆய்வு, வீடு வீடா போய் பத்து நிமிஷம் பேசினாங்க. புள்ளிவிவரம் எதுவும் அடுக்கல, "உங்கள யாராவது வித்தியாசமா நடத்தியிருக்காங்களா, அப்போ எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டு, அவங்க கதைய முழுசா கேட்டு, தன் கதைய சொன்னாங்க. அது திருநங்கை, திருநம்பிகள் மேல இருந்த வெறுப்பப் பத்தினது, மாற்றம் 3 மாசம் கழிச்சும் நின்னுச்சு. ட்ரெயினிங்ல ரெண்டு நாள் நிக்காதது இதுல நின்னுருக்குன்னா காரணம் யோசிங்க, ட்ரெயினிங்ல ஆள கேக்க வெச்சாங்க, இங்க ஆள பேச வெச்சாங்க. உங்க சொந்தக்காரர் வாழ்க்கைலயும் யாரோ ஒருத்தர் அவர மட்டம் தட்டின நாள் ஒண்ணு கட்டாயம் இருக்கும். அங்க இருந்து ஆரம்பிங்க, தனியா இருக்கறப்போ. பத்து பேர் முன்னாடி மடக்கினா அவர் கருத்த இல்ல, மானத்தத்தான் காப்பாத்திக்கப் பாப்பார்.

நானே இதுல அடி வாங்கினவன், அவங்களுக்கு நான் எதுக்கு பாடம் எடுக்கணும்?

எடுக்க வேணாம். அடி வாங்கினவருக்கு வாத்தியார் வேலையும் சேர்த்துக் குடுக்கறது அநியாயம். இன்னொரு காரணமும் இருக்கு. ட்விட்டர்ல இனவசவு பயன்படுத்தின வெள்ளைக்கார ஆண்கள போலி அக்கவுண்ட் வெச்சு "இப்படிப் பேசாதீங்க"ன்னு கண்டிச்சு ஒரு ஆய்வு 2017ல வந்துச்சு. ஃபாலோயர் நெறைய இருக்குற வெள்ளைக்கார ஆளு மாதிரி தெரிஞ்ச அக்கவுண்ட் சொன்னப்போதான் வசவு நல்லா குறைஞ்சுச்சு. கேக்கவே கசப்பா இருக்கு, ஆனா பேச வேண்டியது அந்தக் கூட்டத்துக்குள்ளயே மதிப்போட இருக்குறவங்க. மேல சொந்தக்காரர் கேள்விய கேட்டவருக்கும் இது பொருந்தும்.

நாமளே அவமானப்பட்டவங்கதானே, நாம எப்படி ரேசிஸ்ட் ஆக முடியும்?

திந்த் கேஸ் ஞாபகம் இருக்கா? அதுல நான் சொல்லாம விட்ட ஒரு பகுதி. இனத்த வெச்சு குடியுரிமை குடுக்கறதே தப்புன்னு திந்த் தரப்பு வாதாடல. நாங்க உயர்சாதி ஆரியர், எங்க ஊர்ப் பழங்குடிங்கள கல்யாண விஷயத்துல நாங்க பாக்குறதும் நீங்க கறுப்பினத்தவங்கள பாக்குறதும் ஒண்ணுதான், அதனால எங்களயும் உள்ள விடுங்கன்னு வாதாடினாங்க. வெளிய நிறுத்தப்பட்டவன் கதவ உடைக்கப் பாக்கல, தனக்குக் கீழ ஒருத்தனக் காட்டி உள்ள எடம் கேட்டான். அவமானப்பட்டா இரக்கம் வரும்னு கட்டாயம் இல்ல, "என்ன ஏன் தப்பான வரிசைல நிறுத்தினீங்க"ங்கற கோவம் மட்டும் வரலாம். மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் கலர் கேக்குறவங்க, கருத்த குழந்தைக்கு செல்லப் பேர் வெச்சு சிரிக்கறவங்க, ஏர்போர்ட்ல தன்ன தனியா நிறுத்தி செக் பண்ணா மட்டும் ரேசிசம்ங்கறவங்க, எல்லாரும் இந்த வரிசைலதான் நிக்கிறோம், என்னையும் சேர்த்து.

இடஒதுக்கீடு குடுத்தா அது எங்களுக்கு எதிரான ரேசிசம் இல்லயா?

தனிமனுஷனா பாத்தா யார் வேணா யாரையும் இனத்த வெச்சு வெறுக்கலாம், அந்த வெறுப்பு யார்கிட்ட இருந்து வந்தாலும் தப்புதான். ஆனா பழைய சிவப்புக் கோட்டோட விளைவ சரி பண்ண ஒரு ஏற்பாடு செய்யறதும், அந்தக் கோட்டப் போட்டதும் ஒண்ணு இல்ல. எவ்வளவு நாளைக்கு, எந்த அளவுக்கு, அந்தக் குழுவுக்குள்ளயே வசதியானவங்க மட்டும் எடுத்துக்கறாங்களா, இதெல்லாம் நியாயமான கேள்விங்க, கேக்கணும். கணக்கு போட்டு கேக்குறவங்களோட நான் மணிக்கணக்கா பேசுவேன். ஒரு சீட் போனா மட்டும் சமத்துவம் ஞாபகம் வர்றவங்களோட பேசறதுதான் கஷ்டம்.

மனுஷன விட்டுட்டு கம்ப்யூட்டர முடிவெடுக்க விட்டா பாரபட்சம் இருக்காதுல்ல?

மெஷினுக்கு வெறி இல்ல, வாத்தியார் நாமதானே. முகத்தப் பாத்து ஆணா பெண்ணான்னு சொல்ற சாஃப்ட்வேர்கள 2018ல சோதிச்சப்போ வெளுத்த ஆண்கள்கிட்ட தப்பு அதிகபட்சம் 0.8%, கருத்த பெண்கள்கிட்ட 34.7% வரைக்கும்.

2019ல வெளிவந்தது இன்னும் மோசம். அமெரிக்க மருத்துவமனைங்கள்ல யாருக்கு கூடுதல் கவனிப்பு தேவைன்னு ஒரு ப்ரோக்ராம் சொல்லிட்டு இருந்துச்சு, அதுல இனம்ங்கற தகவலே கெடயாது. ஒருத்தருக்கு எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும்ங்கறதத்தான் நோயோட அளவா எடுத்துக்கிச்சு. கறுப்பின நோயாளிக்கு அதே நோய்க்கு செலவு கம்மியா ஆகியிருக்கும், ஏன்னா கவனிச்சதே கம்மி, அதனால "இவருக்கு பெருசா ஒண்ணுமில்ல"ன்னு மெஷின் முடிவு கட்டிருச்சு. இத சரி பண்ணா கூடுதல் கவனிப்பு கெடைக்கறவங்கள்ல கறுப்பினத்தவங்க பங்கு 17.7%ல இருந்து 46.5% ஆகும்னு கணக்கு. எந்த புரோக்ராமரும் கெட்ட எண்ணத்தோட எழுதல. மனசு சுத்தமா இருந்தும் ஏற்பாடு தப்பா போறதுக்கு இத விட நல்ல உதாரணம் என்கிட்ட இல்ல. ஒரு ஆறுதல், மெஷின திறந்து பாத்து திருத்தலாம், சொந்தக்காரர் விஷயத்துல அது கொஞ்சம் கஷ்டம்.

கடைசியா கேக்கறேன், இது முழுசா என்னைக்காவது ஒழியுமா?

ஒழியாதுன்னு நெனைக்கறேன், குழு பிரிக்கற புத்தி ஓவியர் படத்துக்கே வருதே. குறையும், குறைஞ்சது திரும்பவும் ஏறும். ருவாண்டால ஒரே மொழி பேசி, ஒரே ஊர்ல, கல்யாண உறவோட வாழ்ந்தவங்கதான் ஹூட்டுவும் டூட்சியும். அந்த நாட்ட ஆண்ட பெல்ஜியக்காரங்க 1930கள்ல அடையாள அட்டைல இனத்த அச்சடிச்சுக் குடுத்தாங்க. 1994ல ரோட்டுல செக்போஸ்ட் போட்டு அந்த அட்டையப் பாத்துதான் ஹூட்டு தீவிரவாதிங்க டூட்சிங்கள வெட்டினாங்க, சுமார் 100 நாள்ல லட்சக்கணக்கான பேர். இப்போ அங்க அட்டைல இனம் இல்ல. அதனால எங்கயாவது "சும்மா ஒரு தகவலுக்குத்தான்"னு ஃபார்ம்ல இனத்த கேட்டா நான் ரெண்டு கேள்வி திருப்பிக் கேப்பேன், இத வெச்சு யாருக்கு என்ன குடுக்கப் போறீங்க, யார் கைக்கு இது போகும். மேல அளக்கணும்னு சொன்னேனே, அதுக்கும் இதுக்கும் முரண் இருக்கு, தெரியும். மொத்தக் கணக்கா எடுங்க, ஆள் மேல ஒட்டாதீங்கங்கறதுதான் இப்போதைக்கு எனக்குத் தெரிஞ்ச வழி.

இது புதுசா வந்த கேள்வி: பஸ்ல என் பொண்ணு, 4 வயசு, "அம்மா அந்த மாமா ஏன் இவ்ளோ கருப்பா இருக்காங்க"ன்னு சத்தமா கேட்டுட்டா, எனக்கு பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல ஆயிடுச்சு, என்ன பண்ணியிருக்கணும்?

என்ன பண்ணீங்கன்னு நீங்க சொல்லல, வாயப் பொத்தியிருப்பீங்கன்னு நெனைக்கறேன், எல்லாரும் அதத்தான் பண்றோம். உங்க பொண்ணு அந்த நிமிஷம் வரைக்கும் ஒரு கலரத்தான் பாத்தா. நீங்க பதறினதும்தான் அதுல ஏதோ வெக்கப்பட வேண்டியது இருக்கு போலன்னு கத்துக்கிட்டா. அடுத்த தடவ அதே சத்தத்துல பதில் சொல்லுங்க, "நம்ம எல்லார் தோல்லயும் மெலனின்னு ஒரு கலர் இருக்குடா, அவருக்கு ஜாஸ்தி, உனக்கு கொஞ்சம் கம்மி, வெயில்ல இருந்து அது நம்மள காப்பாத்தும்"னு. அந்த மாமாவுக்கும் கேக்கட்டும். அவர் திரும்பிப் பாத்து சிரிச்சா நீங்களும் சிரிங்க, சிரிக்கலன்னாலும் அது அவர் உரிமை, அன்னைக்கு அவருக்கு அது எத்தனாவது தடவையோ. அப்புறம் உங்க பொண்ணு அடுத்த கேள்விய கேப்பா, "அப்போ எனக்கு ஏன் கம்மி?"